ஒரு பட்டன் தூரத்தில் பவாஸ்!

"யா அல்லாஹ்...! ப்ரேக் புடிக்குதில்ல மச்சான்...! இப்ஹாம்...!"

ஹெல்மெட்டுக்குள் பவாஸின் அலறல்!

தொடர்ந்து தகரம் நசுங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

இப்ஹாம் விரைந்துபோய் வளைவில் பைக்கை நிறுத்தினான். ரிவர்ஸ்டன் மலைப்பாதை முழுக்க மிஸ்ட், கண்ணை மறைக்கும் பனிமூட்டம். முன்னால் போன பவாஸ் ரொம்ப நேரமாகவே கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தான்.

பள்ளத்தில், மானாப் புல்லுக்கு நடுவே, பவாஸின் சிவப்பு பைக்!

பவாஸைத்தான் காணோம்.

இதைத்தானே இப்ஹாம் ஆசைப்பட்டான்? நடந்துவிட்டது.

எல்லாம் ஜஸ்லாவால் வந்த வினை. அலுவிகாரையில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் இப்ஹாம், பக்கத்து வீட்டு ஜஸ்லாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அவளுடைய வாப்பா ஸெய்னுலாப்தீன், போனவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு மகளைப் பவாஸுக்குப் பேசி முடித்தார். பவாஸ் யார்? இப்ஹாமின் உயிர்ச் சிநேகிதன்!

வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

ஹெல்மெட்டில் மாட்டிப் பேசுகிற இன்டர்கொம் ஒரு சோடியைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தான் இப்ஹாம். இன்று காலை கடையில் வைத்து அவனே செட் பண்ணியும் கொடுத்தான்.

"இதுல ரெண்டு விதம் இருக்கு மச்சான். ஒண்டு, குரல் கேட்டா மைக் தானாத் தொறக்கும். மத்தது, பட்டன அமத்தினாத்தான் தொறக்கும்."

"எது நல்லம்?"

"பட்டன்தான். இல்லாட்டி நீ இருமுறது, தும்முறது, பாட்டுப் படிக்கிறது எல்லாம் என்ட காதுக்குள்ள வந்து வுழும்!"

"என்ட பாட்டுக்கு என்னடா கொற?"

"பாட்டுக்கு ஒண்டுமில்ல. என்ட காது பாவம்டா!"

பவாஸ் வெடித்துச் சிரித்தான். சிரித்தவனுக்கு என்ன தெரியும், பாவம்!

மலை உச்சியில் பவாஸ் போட்டோ எடுக்கப் போனான். இப்ஹாம் அவன் பைக்கருகே குந்தினான். முன் ப்ரேக் ஒயில் குழாயைத் தளர்த்தினான். பின் ப்ரேக் கம்பியின் நட்டைக் கழற்றினான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

அவ்வளவுதான்!

இறக்கத்தில் பவாஸ் முன்னே, இவன் வெகு பின்னே. முதல் வளைவிலேயே செய்த துரோகம் உறைத்தது.

ஒரு பட்டன்... அதை அழுத்தி 'நில்லுடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பவாஸ் பிழைப்பான்! விரல் பட்டன் வரை போனது. திரும்பி வந்தது. பாவி விரல்!

பட்டனைத் தொடாமல் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாய்விட்டு அழுதான்.

"யா அல்லாஹ்... என்ன மன்னிச்சிரு! பவாஸ்ட ப்ரேக்க நான்தான் கழட்டினேன்... ஷைத்தான் என்னக் கெடுத்துட்டான்... தவ்பா ரப்பே... தவ்பா!"

பள்ளிவாசல் பயானில் எத்தனை தடவை கேட்டிருக்கிறான்! மனிதனுக்குச் செய்த பாவத்தை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிக்க மாட்டான். தெரியும். தெரிந்துகொண்டே தவ்பா என்று மேலிடத்துக்குப் பாவமன்னிப்பு மனுப் போட்டான், கெட்டிக்காரன்.

அதற்குப் பிறகு, நாலைந்து வளைவு தாண்டித்தான் அந்த அலறல்.

இப்போது என்ன செய்வது? அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனை எடுத்தான். பின்னாலேயே பொலிஸும் வருமே... கழன்ற நட்டைப் பார்ப்பார்களே! போனை மறுபடி பொக்கெட்டில் போட்டான்.

கண்ணீர் கொட்டியது. நிஜக் கண்ணீர்தான். சின்ன வயதிலிருந்து ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டவன் அல்லவா பவாஸ்! ஆனால் அழுதுகொண்டே வாய், பொலிஸுக்குச் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தது.

"மிஸ்ட்ல வளைவு தெரியல்ல சேர்... ப்ரேக் நல்லாத்தான் இருந்திச்சி சேர்... காலையில நானே செக் பண்ணினேன் சேர்..."

"அழுக பத்தாது மச்சான்!"

காதுக்குள் குரல்.

பவாஸ்!

இப்ஹாம் துள்ளித் திரும்பினான். பட்டனைத் துழாவி அழுத்தினான்.

"ப... பவாஸ்! உசுரோட இருக்கியாடா?"

"பட்டன விடு. அதுக்கு இப்ப வேலையில்ல. வழி முழுக்க நீ வாயே தொறக்கல. பட்டன அமத்த மறந்துட்டாய்னு நெனச்சி, மேல வச்சி என்ட போன்லேந்து ரெண்டு ஹெல்மெட்டையும் குரலுக்கு மாத்தினேன். அத ஒனக்குச் செல்ல மறந்துட்டேன்... அதுக்குள்ள நீ தவ்பா செஞ்சிட்டாய்!"

"எ... எல்லாம் கேட்டியா?"

"ஒரு சொல்லு விடாம! கியரக் கொறச்சி, மண்மேட்டுல சாச்சி நிப்பாட்டினேன். ஒனக்குக் கேக்காம ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் பொலிசுக்கு அடிச்சேன். மறுகா ஹெல்மெட்டப் போட்டு, பைக்கத் தள்ளி விட்டுட்டுக் கத்தினேன். நீ என்னத் தேடுவியா, கதை கட்டுவியான்னு பாக்கத்தான்!"

மிஸ்டுக்குள்ளிருந்து ஓர் உருவம் நடந்து வந்தது. கிழிந்த சட்டைக்கை. சிராய்த்த முழங்கை. பவாஸேதான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

இப்ஹாம் நடுரோட்டில் முழங்காலிட்டான்.

"மன்னிச்சிரு மச்சான்! என்ன பொலிஸ்ல குடு, தூக்குல போடு! ஜஸ்லாக்கு மட்டும் செல்லிராதடா... அவட மொகத்துல எனக்கு முழிக்க ஏலாது!"

ஹெல்மெட்டுக்குள் இன்னொரு குரல்... பெண் குரல்!

"செல்லத் தேவையில்ல நானா. பவாஸ் அப்பவே எனக்குக் கோல் எடுத்து இதுல சேத்துட்டார். பொலிசுக்குச் செல்ற கதைய நீங்க பழகிப் பாத்ததையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

நானாவாம்! அண்ணனாம்!

இப்ஹாம் நெற்றி தரையில் பட விழுந்தான். எந்தப் பொலிஸும் இனி அவனை இதைவிடப் பெரிதாகத் தண்டிக்க முடியாது.

கீழே ரத்தோட்டைப் பக்கமிருந்து ஜீப் சத்தம் நெருங்கியது. பவாஸ் குனிந்து அவன் ஹெல்மெட்டைத் தட்டினான்.

"அடுத்த தடவ தவ்பா செய்யக்குள்ள இதக் கழட்டிட்டுச் செய் மச்சான்... அல்லாஹ்வுக்கு மைக் தேவையில்ல!"