கப்பல்காரர் வீட்டு இரைச்சல்

ரேடியோக்கடை அக்காவின் முன்னால் கப்பல்காரர் வந்து உட்கார்ந்ததுமே தம்பிக்குக் கை பரபரத்தது. தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அக்காவிடம் ஒரு புதிர் வந்துவிட்டால் போதும், மாணவர்களை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார்.

கப்பல்காரர் முப்பது வருடம் கப்பல்களில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை நாலு மணிக்கு, கூட வேலை பார்த்த நண்பரோடு வீட்டு ரேடியோவில் பேசுவார். இன்னும் ஏழெட்டுப் பழைய கப்பல்காரர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதினோரு நாளாக ஒரே இரைச்சல், யார் குரலும் கேட்கவில்லை. மாடியில் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மாப்பிள்ளைதான் காரணம் என்று சண்டை போட்டு, வீட்டைக் காலி பண்ணவும் சொல்லிவிட்டார். இன்று மாலை லாரி வருகிறது. மாப்பிள்ளையோடு மகளும் போகிறாள்.

"கம்ப்யூட்டரை அணைச்சுப் பார்த்தீங்களா?" என்றாள் அக்கா.

"அணைச்சாச்சும்மா. இரைச்சல் நிக்கல. வேற எதையோ ஒளிச்சு வச்சிருக்கான். அது என்னன்னு காட்டிக் கொடுங்க, என் மக கண்ணால பார்க்கட்டும்."

அக்காவும் தம்பியும் அவரோடு வீட்டுக்குப் போனார்கள். அவருடைய ரேடியோ அறை கப்பல் அறை போலவே இருந்தது. எந்த ஒயரும் தொங்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலால் கட்டியிருந்தார். மேசைமேல் அன்றாடம் எழுதும் குறிப்பேடு. ரேடியோவைப் போட்டதும் சரளைக் கல்லில் தகரத்தை இழுத்ததுபோல் ஒரு சத்தம்.

பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் மோட்டார்தான் என்று தம்பி அடித்துச் சொன்னார். ஓடிப்போய்க் கெஞ்சி அதை நிறுத்திவிட்டும் வந்தார். இரைச்சல் அப்படியே இருந்தது. அசடு வழிய நின்றார்.

அக்கா ரேடியோவை பேட்டரியில் இணைத்துவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கினாள். இரைச்சல் நின்றது. அப்படியானால் அது வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. மறுபடி மின்சாரம் கொடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கூடத்து மூலையில் இருந்த இன்டர்நெட் பெட்டியில் விளக்கு எரிந்ததும் இரைச்சல் திரும்பியது. அங்கிருந்து ஒரு நீல ஒயர் மாடிக்குப் போனது.

மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார் என்று தம்பி நிமிர்ந்தார். சாமான் கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையோ பெட்டியும் ஒயரும் போன வருஷமே வைத்தவை என்றார். அதுவரை மாமாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம். மகளும் ஆமாம் என்றாள். தம்பிக்குத் தலை சுற்றியது. காரணம் பெட்டிதான், ஆனால் வருஷம் முழுக்கச் சும்மா இருந்த பெட்டிக்குப் பதினோரு நாள் முன்னால் என்ன வந்தது?

அக்கா மாடிப்படியில் ஏறி இறங்கினாள். பிறகு குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"அய்யா, இரைச்சல் ஆரம்பிச்ச அன்னைக்குக் காலையில 'மாடிப்படி ஒழுங்கு செய்தேன்'னு எழுதியிருக்கீங்க. என்ன செஞ்சீங்க?"

"அந்த நீல ஒயர் கைப்பிடியில தாறுமாறா தொங்கிச்சு. எனக்குப் பொறுக்கல. எதிர்ச்சுவர்ல என் ரேடியோவோட ஏரியல் ஒயர் மேலேருந்து இறங்குது. அதோட சேர்த்து..."

"மெழுகு நூலால நாலு விரலுக்கு ஒரு முடிச்சு" என்றாள் அக்கா. "அந்த முடிச்சு இந்த வீட்ல வேற யாருக்கும் வராது. கம்ப்யூட்டரை அணைச்சாலும் பெட்டி ஓடிக்கிட்டுதான் இருக்கும். அதோட இரைச்சல் நீல ஒயர்ல எப்பவும் இருக்கு. தள்ளித் தொங்கினவரைக்கும் உங்களுக்குக் கேட்கல. ரெண்டையும் ஒட்டிக் கட்டினதும், மாடிப்படி நெடுக உங்க ஏரியல் அதை வாங்கிக்கிச்சு."

தம்பிக்குக் கப்பல்காரரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அக்கா முடிச்சுகளை வெட்டி, நீல ஒயரைப் பழைய கைப்பிடிக்கே கொண்டுபோனாள். இரைச்சலை விழுங்கும் கறுப்பு வளையம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் அந்த ஒயரை அதில் ஏழு சுற்றுச் சுற்றினாள். ரேடியோவில் இரைச்சல் அடங்கியது. ஒயரும் அதே, பெட்டியும் அதே, வளையத்தில் மின்சாரம்கூட இல்லை. தம்பிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

மணி நாலு. வாசலில் லாரி வந்து நின்றது. ரேடியோவில் நண்பரின் குரல் தெளிவாக வந்தது. இத்தனை நாள் எங்கே போனாய், நாங்களெல்லாம் பயந்துவிட்டோம் என்றது.

கப்பல்காரர் மைக்கை எடுத்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இத்தனை நாளா என் மாப்பிள்ளை மேல பழியைப் போட்டேன். தப்பு செஞ்சது நான். என் கையால கட்டின கட்டுதான். அவர் சாமானை ஏத்த வாசல்ல லாரி நிக்குது. இருங்கன்னு கேட்க எனக்கு வாய் வரல. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

அறை வாசலில் நின்று கேட்ட மாப்பிள்ளை, கையிலிருந்த அட்டைப்பெட்டியை மாமாவின் மேசைமேலேயே வைத்துவிட்டு, லாரிக்காரரை அனுப்பிவிட்டு வர வெளியே போனார்.