கடைசியாக ஏற்றிய மொட்

திரையில் றாஹிலா தெருவில் நின்றாள். மிஹ்லார் அவளை இன்னும் ஏற்றவே இல்லை.

கல்முனையில் அவனது கம்பியூட்டர் கடை ஜும்ஆத் தொழுகைக்காகப் பாதி ஷட்டர் இறக்கிக் கிடந்தது. யுத்தம் முடிந்த மறுமாதம். இனிப் பயமில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சுனாமி கொண்டுபோன மனைவி றாஹிலாவையும் அவளது சீதன வீட்டையும் அவன் கார் ஓட்டும் ஒரு விளையாட்டுக்குள் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தான். நிஜத்தில் கட்ட விடவில்லை. கடலுக்குக் கிட்ட வீடு கூடாதாம். சட்டம் போட்டவர்களுக்கென்ன, அவர்கள் வீடு கொழும்பில்.

இதைச் செய்து தரக் கேட்டவன் றாஹிலாவின் தம்பி றவூப். தன் ராத்தா நடப்பதை ஒருமுறை பார்த்தால் போதுமென்று அழுதான். தொழுகை முடிய வருவான்.

விளையாட்டில் நாமே செருகும் இந்த மாற்றங்களை, மொட்களை, பொருத்துவதில் மிஹ்லார் விண்ணன். ஆளுக்கான மொட்டும் தெருவுக்கான மொட்டும் வேறு வேறு கோப்பைத் தொடுபவை, சண்டை வராது. ஒரே கோப்பை இரண்டு தொட்டால் கடைசியாக ஏற்றியதுதான் நிற்கும். தெருவை ஏற்றிய கையோடு, அலை அசலாக இருக்கட்டும் என்ற ஆசையில், இணையத்தில் எவனோ செய்த கடலையும் ஏற்றியிருந்தான். இரண்டும் ஒரே நிலக் கோப்பைத் தொடுவதைப் பார்க்காமல் விட்டான். ஆளின் மொட் இன்னும் பென்டிரைவில்தான் இருந்தது.

பள்ளிவாசலின் குத்பாப் பிரசங்கம் காற்றில் மெலிந்து வந்தது. மின்விசிறியின் கறகறப்புக்குள், பாதி மூடிய கடைக்குள், உப்பும் சேறும் அழுகிய பாசியும் கலந்த அந்தக் காலையின் வாடை மெல்ல மெல்ல ஏறியது. திரையில் தண்ணீர் தெருவுக்குள் வந்தது.

கடல் மொட்டைக் கழற்றினான். தண்ணீர் வடியவில்லை. தெருவையும் கழற்றினான். தெரு அப்படியே இருந்தது.

றாஹிலா கையை உயர்த்தினாள். அவன் செய்து வைத்த றாஹிலாவுக்கு நடக்க மட்டும்தான் தெரியும்.

வீட்டுக் கூரையில் ஒருவன் குந்தியிருந்தான். அவனை யாரும் செய்யவில்லை. நீலச் சாரன். அன்று மிஹ்லார் உடுத்திருந்தது. முகமும் மிஹ்லாரின் முகம். அவன் குனிந்து றாஹிலாவின் கையைப் பிடித்தான்.

தண்ணீர் பறித்தது என்றுதான் மிஹ்லார் ஊருக்குச் சொல்லியிருந்தான். அடக்க ஒரு மையித்தும் கிடைக்காமல் அதைச் சொல்லித்தான் அழுதான். றவூப் அவனைக் கட்டிப்பிடித்துத் தேற்றினான். தண்ணீர் பறிக்கவில்லை. கூரை ஆடியது, தான் பிழைக்க வேண்டும் என்று அவனே விட்டான்.

கம்பியூட்டரின் வயரைப் பிடுங்கினான். மின்விசிறி ஓடியது. திரை அணையவில்லை. இன்னொரு வயர். எல்லா வயரும்.

அணையவில்லை.

குத்பா நின்று எவ்வளவு நேரமோ. ஷட்டர் உயர்ந்தது. அத்தர் வாசத்தோடு றவூப் குனிந்து உள்ளே வந்தான். ராத்தாவைக் கண்டு சிரித்தான். பிறகு கூரையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"மச்சான், ராத்தாட கைய விடுறது ஆரு?"

மிஹ்லார் பிடுங்கிய வயர்களை மேசைக்கடியில் தள்ளினான்.

திரைக்குள் றாஹிலா கழுத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். மறுபடி கையை நீட்டினாள். கூரையில் இருந்தவன் மறுபடி பிடித்தான். மறுபடி, ஒவ்வொரு விரலாக, விட்டான்.