சிறு குறையுள்ள பின்பால் மெஷின்

திங்கட்கிழமை காலை 8.10. பாலமணிகண்டன் ஷட்டரைத் தூக்கினான். வரிசையில் மூன்றாவது மெஷின் நின்ற இடம் காலியாகக் கிடந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், ஒரு நெசவுக் குடும்பம் பவர்லூம் ஓட்டிக் கைவிட்ட ஷெட் அது. மூடிப்போன கிளப்புகளில் முடங்கிக் கிடக்கும் பின்பால் மெஷின்களை அவனும் அவன் அப்பா கோட்டைச்சாமியும் வாங்கி வந்து, சின்னக் கோளாறுகளைச் சரிபார்த்து, மலையிலிருக்கும் ரிசார்ட்டுகளுக்கு விற்றார்கள். இரும்புக் குண்டு உருண்டு மணியில் மோதி விளக்கெரியும் அந்தப் பெட்டியை இந்த ஊரில் யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் ஒருத்தரும் வாங்கியதில்லை.

காலை 9.40. பாலமணிகண்டனின் புகாரை விசாரிக்க ஏட்டம்மா கஸ்தூரி ஷெட்டில் வந்து இறங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் தன் மனதுக்குள் வழக்கை முடித்துவிட்டார். பூட்டு உடையவில்லை. சாவி மூன்று: அப்பாவிடம் ஒன்று, மகனிடம் ஒன்று, லோடு வண்டி ஓட்டும் மாரீஸ்வரனிடம் ஒன்று. பிறகென்ன? மாரீஸ்வரன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி காளீஸ்வரி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போட்டுவிடலாம் என்று சொல்லி, ஒப்புக்கு ஒரு தடவை பார்த்துவர கஸ்தூரியை அனுப்பியிருந்தார்கள்.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம், மேடம். ஞாயித்துக்கிழமை. ரெண்டு மணிக்குப் பூட்டினேன்" என்றான் பாலமணிகண்டன்.

"அதுக்கப்புறம்?"

"யாரும் வரலை. அப்பா மல்லாங்கிணத்துல ஒரு சாவுக்குத் துஷ்டி கேக்கப் போயிட்டாக. நான் வீட்டுல தூங்கிட்டேன். மாரீஸ்வரன் எங்க இருந்தான்னு அவனுக்கே சொல்லத் தெரியலை."

"அந்த மெஷின் வித்ததா?"

"வித்தாச்சு. இன்னிக்கு நாலு மணிக்குக் கொடைக்கானல் வண்டி வருது."

கஸ்தூரி வரிசையைப் பார்த்தாள். மீதி ஐந்து மெஷின்களும் அப்படியே நின்றன. ஒவ்வொன்றின் குறையையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். குறையை மறைத்து விற்பதில்லை என்பது இவர்களுடைய வழக்கம். 'குண்டைத் தட்டும் இடது துடுப்பு மந்தம்.' 'இரண்டு பல்பு எரியாது.' காலி இடத்துக்கு மேலிருந்த சீட்டு: 'பேட்டரி கசிந்து போர்டு அரித்திருக்கிறது. அணைத்தால் பழைய ஸ்கோர் அழியும்.'

"வேற ஏதாச்சும் போயிருக்கா?"

"இன்வெர்ட்டரும் அதோட பேட்டரியும், மேடம். காயலான் கடையில போட்டா காசு வருமுல்ல."

அவள் அலமாரியைத் திறந்தாள். புத்தம் புதிய செப்புக் கம்பிச் சுருள்கள் கைபடாமல் இருந்தன. காயலான் கடைக்குப் போகிறவன் செம்பை விட்டுவிட்டு, இடுப்பொடிகிற பேட்டரியைத் தூக்குவானா? குனிந்து, காலி இடத்துக்குப் பின்னாலிருந்த சுவர் ஸ்விட்சைப் பார்த்தாள். யாரும் தெரியாமல்கூட அணைத்துவிடாதபடி அதன்மேல் டேப் சுற்றியிருந்தது. டேப் பழசு, ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது.

கோட்டைச்சாமி ஷெட் வாசலிலேயே நின்றார். ஐம்பத்தாறு வயது, சவரம் செய்யாத முகம்.

"மாரீஸ்வரன் எடுக்கலைம்மா" என்றார்.

"வேற யாரு மேல சந்தேகம்?"

"அது தெரியாது. அவன் எடுக்கலை. அவனை விட்டுருங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பகல் 12.30. கஸ்தூரி சாப்பிடக் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் ரேடியோ பேசியது. காலையில் போகும்போது அதை அவள் நிறுத்துவதே கிடையாது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம். திரும்பி வரும்போது வீடு ஊமையாக இருந்தால் அவளால் தாங்க முடியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறிப்போனது. பிறகு கை கழுவிக்கொண்டு போனை எடுத்தாள்.

"பாலமணிகண்டன், கரண்டு லைன் இருக்கிற இடம் உங்களுக்கு வேற ஏதாச்சும் இருக்கா?"

"திருச்சுழிக்கு முன்னாடி எங்க காடு கெடக்கு, மேடம். கெணறு வத்தி எட்டு வருஷமாச்சு. மோட்டார் ரூம்ல லைன் மட்டும் இருக்கு. ஏன்?"

"உங்க அம்மா இருக்காங்களா?"

"தவறி மூணு வருஷமாச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

மதியம் 1.50. ஸ்கூட்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தாள். கரிசல் வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலம். ஆள் இல்லை, ஆடு இல்லை. அந்த வெறுங்காட்டின் நடுவே டிங், டிங் என்று மணிச் சத்தம் கேட்டது.

மோட்டார் ரூமில் கோட்டைச்சாமி ஆடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. குண்டு விழுந்த பிறகுதான் திரும்பினார்.

"நீங்கதான் எடுத்தீங்க" என்றாள் கஸ்தூரி. "துஷ்டிக்குன்னு போனீங்க, வாடகை வண்டியும் ஆளுமாத் திரும்பி வந்தீங்க. திருடன்னா பிளக்கைப் புடுங்கிட்டுத் தூக்கியிருப்பான். இன்வெர்ட்டரை எடுத்தவனுக்கு வழியெல்லாம் இது அணையாம வரணும். அணைஞ்சா என்ன போகும்னு உங்க சீட்டுலயே எழுதியிருக்கு. இன்வெர்ட்டர் ரெண்டு மூணு மணி நேரந்தான் தாங்கும், அதனால கரண்டு இருக்கிற இடத்துக்குத்தான் வந்திருக்கணும். உங்க மகனுக்கு அது வெறும் குறை. மாரீஸ்வரனுக்கு இது வெறும் லோடு. மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."

அவர் மெஷினின் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். ஸ்கோர் பலகையின் உச்சியில் நாலு கோடியே பன்னிரண்டு லட்சம். பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து: டி.எம்.ஆர்.

"தங்கமாரி. என் வீட்டுக்காரி. ரிப்பேர் முடிஞ்சா ஆடிப் பாக்குறது அவ வேலைம்மா. அவ கைக்கு ஒப்புனாத்தான் நான் விப்பேன். இது வந்து ரெண்டு மாசத்துல போய்ச் சேந்துட்டா."

"போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா ஆகாதா?"

"போட்டோ வீட்டுல நெறைய இருக்கு. அதெல்லாம் செத்துப்போன தங்கமாரி. இதுல அவ இன்னும் என்னைய ஜெயிச்சுக்கிட்டு இருக்கா. மூணு வருஷமா தெனம் ஆடுறேன். மூணரைக் கோடியத் தாண்ட முடியலை."

"மகன்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"விலை பேசி முடிச்சுட்டு வந்து சந்தோஷமாச் சொன்னான். என்னன்னு சொல்லுவேன்? உங்க ஆத்தா இதுக்குள்ள இருக்கான்னா, கெழவனுக்குக் கிறுக்குன்னுதான நினைப்பான். திருட்டுப் போச்சுன்னு விட்டுருவான்னு இருந்தேன். போலீசுக்குப் போவான்னு நினைக்கலை."

ஆனால் காளீஸ்வரி இன்னும் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றாள்.

"நாலு மணிக்கு வண்டி வருது. அதுக்குள்ள மெஷின் ஷெட்டுல இருக்கணும். இல்லைன்னா மாரீஸ்வரன் ஜெயிலுக்குப் போறான்."

"தெரியும் தாயி. செத்த நேரம் தனியா விடுங்க."

அவள் வெளியே வந்தாள். ரூம் பக்கம் சிக்னல் சரியாக இல்லை. வரப்பேறிக் கிணற்று மேட்டுக்குப் போய் பாலமணிகண்டனை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குரல் உடைந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வித்திருக்கவே மாட்டேனே, மேடம். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். வாங்குறவங்களுக்கு வேற மெஷின் குடுத்துக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம். அப்பாகிட்டச் சொல்லுங்க. நான் இப்பவே வாரேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே கஸ்தூரி ஓடினாள். முள் கிழித்தது.

ரூமுக்குள் சத்தமே இல்லை. கோட்டைச்சாமி பிளக்கைக் கழற்றி, ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். பலகை இருண்டிருந்தது.

"அணைச்சுட்டேன்மா" என்றார். "மலையில எவனோ ஒருத்தன் கை அணைக்கிறதுக்கு முன்னாடி, நானே அணைச்சுட்டேன். மாரீஸ்வரனை விடச் சொல்லுங்க."

காதில் பாலமணிகண்டனின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. "அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா, மேடம்?"