நாலாவது பட்டை

அந்த ஊரில் ஒருவரைப் பார்த்தவுடன் அவருக்கு எந்தக் கை, எந்தக் கால் இல்லை என்றுதான் முதலில் கவனிப்பார்கள். அதிலேயே அவர் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். மருமகள்களுக்கு வலக்கை போவதே இல்லை; அடுப்படி இருக்கிறதே. சொத்தை இன்னும் எழுதிக் கொடுக்காத மாமனாருக்கும் வலக்கை போகாது. எழுதிக் கொடுத்துவிட்டவர் பாடு வேறு.

எல்லாம் பங்கீட்டி என்ற கருவி வந்த பிறகுதான். இதய அறுவையின்போது இதயத்தை நிறுத்திவிட்டு, ஒரு பொறி உடம்புக்கு இரத்தம் இறைக்கும். மூளைக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுத்தது போகக் கைகால்களுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். பங்கீட்டி அந்தக் கொஞ்சத்தை நீலப் பட்டை கட்டிய உறுப்புகளுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கும். பட்டைகள் மூன்று. பட்டை கிடைக்காத உறுப்பு கறுத்துப்போகும், பிறகு எடுத்துவிடுவார்கள். எதை விடுவது என்று முடிவு செய்வது நெருங்கிய உறவினர். அதுவும் கூடத்தில் காத்திருக்கும் மற்றக் குடும்பங்களின் கண் முன்னால்தான் கட்ட வேண்டும். நாளைக்கு யாரும் மருத்துவமனையைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

இந்த விதிகளைப் போட்டவர், பங்கீட்டியைக் கண்டுபிடித்த டாக்டர் ஆவுடையப்பன். இன்று அவரே தள்ளுகட்டிலில் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி செண்பகவடிவு மூன்று பட்டைகளோடு நின்றாள்.

சில வருடங்களுக்கு முன் அதே கட்டிலில் அவள் கிடந்தாள். பொதிகை மலையில் ஏறி இறங்கிச் செடிகொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவள். "மலையேறுனது போதும். வீட்டுக்குள்ள நடக்க ஒரு காலே தாராளம்" என்று சொல்லி, அவளுடைய வலக்காலை விட்டுவிட்டுக் கட்டினார் அவர். கூடமே சிரித்தது. கட்டைக்கால் தொடையை உரசும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்கும்.

"கட்டுங்கம்மா" என்றாள் செவிலி எஸ்தர்.

வடிவு அவருடைய இடக்காலில் ஒன்று கட்டினாள். வலக்காலில் ஒன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவள் சுற்றி வந்தபோது ஆவுடையப்பன் வலக்கையை நீட்டினார். அவள் அதைத் தாண்டிப் போய் இடக்கையைப் பிடித்தாள்.

"வடிவு, என்ன பண்ணுத? நான் கத்தி பிடிக்கது வலக்கையிலல்லா?"

"தெரியும்."

"வெளயாடாத. அந்தக் கை இல்லன்னா நான் யாரு?"

"நான் ஊட்டிவிடுதேன். வீட்டுக்குள்ள இருக்க ஒரு கையே தாராளம்."

கூடத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஆவுடையப்பனுக்கு முகம் வேர்த்துவிட்டது. வடிவுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும் என்று முடிச்சை நிதானமாகப் போட்டாள்.

"எஸ்தர்!" என்று அவர் கத்தினார். "பொறிக்குக் கீழ இழுப்பறையில பாரு. நாலாவது பட்டை இருக்கும். எடு!"

எஸ்தர் விழித்தாள். "நாலு கட்டுனா பொறி ஏத்துக்காதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"ஏத்துக்கும். உள்ளதை நாலுக்கும் சமமாப் பிரிக்கும். கைகால் மரத்துப்போவும், ஆறு மாசம் படுக்கையில கெடக்கணும். அப்புறம் எல்லாம் சரியாயிரும். எடுடீ!"

வடிவின் கை நின்றது. "அப்ப ஏன் மூணு?"

"ஒருத்தன் ஆறு மாசம் கட்டிலை அடைச்சுக்கிட்டா அடுத்தவன் எங்க படுப்பான்? ஒண்ணை எடுத்துட்டா சட்டுன்னு வீட்டுக்குப் போயிருவான். எத்தனை உசுரைக் காப்பாத்தியிருக்கேன், யோசிச்சுப் பாரு."

"என் காலு?"

அவர் கூரையைப் பார்த்தார். "பொண்டாட்டிக்கு மட்டும் நாலு கட்டுனா ஊரு கேக்காதா?"

அவள் அந்த வலக்கையைப் பார்த்தாள். எத்தனை ராத்திரி அதை மனதுக்குள் கறுக்க வைத்திருப்பாள்! இப்போது அது சின்னதாகத் தெரிந்தது. ஒரு காலுக்கு ஒரு கை என்றால் சரி. இத்தனை பேருக்கு?

எஸ்தர் இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டிய பட்டையை வடிவு வாங்கி, அவர் வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

"நீ நல்லாருப்ப வடிவு" என்று அவர் அழுதார்.

அவள் கூடத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்லா? கிட்ட வந்து பாத்துக்கிடுங்க. நாலு இருக்கு. ஆறு மாசம் கழிச்சு ஐயா இந்தக் கூடத்து வழியாத்தான் வெளிய போவாரு. ரெண்டு கையையும் வீசிக்கிட்டு."

ஊன்றுகோல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. சட்டைக்கை காலியாகத் தொங்க ஒரு கிழவர் கட்டிலருகே வந்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். அவருக்குப் பட்டை கட்டிய மகன் பின்னால் நின்று தரையைப் பார்த்தான். ஒரு காலில் நின்ற பெண் எண்ணவில்லை. ஆவுடையப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

மயக்க மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. ஆவுடையப்பன் இடக்கையால் வலக்கை முடிச்சைத் தேடினார், விரல்கள் வழுக்கின.

"வடிவு... ஒண்ணை அவுத்துரு. எதை வேணும்னாலும் எடுத்துக்கோ. அவுத்துருடீ."

அவள் நான்கு பட்டைகளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக இருந்தன.

"கொண்டு போங்க" என்றாள் எஸ்தரிடம். "பத்திரமாப் பண்ணச் சொல்லுங்க. இவரு பொழைக்கணும்."