கழுதைக்கு ஒரு பச்சை

பள்ளிக்கூடக் கணினித் திரையில் பிரேமினியின் கழுதை நான்கு பெட்டிகளில் நின்றது. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம், ஒன்றில் ஊதா. நான்காவது பெட்டிக்கு இன்னும் நிறம் போடவில்லை.

மன்னார் நகரத்தில், அவளுடைய பழைய வீட்டுத் தெருவில் நிற்கும் கழுதை அது. இந்த வருடம்தான் பிரேமினி வீட்டார் வெள்ளாங்குளம் கிராமத்துக்கு வந்திருந்தார்கள். கழுதையைக் கூட்டிவர முடியுமா? படத்தை மட்டும் அப்பாவின் கைத்தொலைபேசியில் கொண்டுவந்திருந்தாள்.

“பட்டுத்துணியைச் சட்டத்தில இழுத்துக் கட்டி, அதுக்குள்ளால சாயத்தைத் தள்ளி அச்சடிப்பினம். ஒரு நிறத்துக்கு ஒரு திரை,” என்று செலீனா ரீச்சர் சொல்லியிருந்தார். “நாங்கள் அதைக் கணினியில, ஒரே படத்தை நாலு நிறத்தில செய்வம். கண்காட்சியில நீங்கள் ரெண்டு பேரும் படத்துக்குப் பக்கத்தில நிண்டு, ஏன் இந்த நிறம் எண்டு சொல்லவேணும். அதுக்குச் சம்மதிக்காட்டி படத்தை மாட்டமாட்டன்.”

பிரேமினியோடு சேர்ந்து படம் செய்பவன் யதுசன்.

அவள் நான்காவது பெட்டியில் நல்ல சிவப்பை நிரப்பினாள். கழுதையை வெள்ளையாக்கினாள். நகரத்துக்குப் போகிற பஸ்ஸின் சிவப்பு அது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

“எப்பிடி?”

யதுசன் கதிரையைப் பின்னுக்கு இழுத்தான். “இது வேண்டாம்.”

“ஏன், உனக்குக் கண் தெரியேல்லையோ?”

“வேண்டாமெண்டா வேண்டாம். இது இருந்தா நான் பக்கத்தில நிக்கமாட்டன்.”

‘என்னுடைய கழுதை, என்னுடைய சிவப்பு’ என்று நினைத்தபடி பிரேமினி கோபத்தோடு திரும்பினாள். யதுசன் அவளைப் பார்க்கவில்லை. கழுதையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடிவாதக்காரர் அப்படிப் பார்க்கமாட்டார்கள். அவள் கோபம் எங்கேயோ போய்விட்டது.

“என்னடா?” என்று மெல்லக் கேட்டாள்.

“சண்டை முடிஞ்சு நாங்கள் முகாமிலயிருந்து திரும்பி வந்த நேரம், வயலைச் சுத்திச் சிவப்புப் பலகை. அதில வெள்ளையில மண்டையோடு. உள்ளுக்குக் கண்ணிவெடி எண்டு அர்த்தம். எங்கட பசுவுக்கு அது விளங்கேல்லை. உள்ளுக்குப் போயிட்டுது. திரும்பி வரேல்லை.”

அவன் திரையில் இருந்த கழுதையைக் காட்டினான்.

“இதுகும் அதுக்குள்ள நிக்கிறமாதிரிக் கிடக்கு.”

பிரேமினி சிவப்பைப் பார்த்தாள். அது இன்னும் அழகாகத்தான் இருந்தது. ஆனால், அதற்குள் தன் கழுதையை விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“அப்ப இவரை எங்க நிக்கவிடுவம்? நீயே சொல்லு,” என்று மௌஸை அவன் பக்கம் தள்ளினாள்.

யதுசன் ஒவ்வொரு நிறமாகத் தட்டினான். கடைசியில் ஒரு பச்சையில் நிறுத்தினான்.

“வெடியெல்லாம் எடுத்தாப் பிறகு அப்பா முதல் விதைச்ச நெல்லு இந்தப் பச்சை.”

“கொஞ்சம் கூடிப்போச்சுப் போல?”

“இல்லை. மழை பெஞ்சா இப்பிடித்தான்.”

பிரேமினி சிரித்தாள். “சரி. மழை பெய்யட்டும்.”

கண்காட்சியன்று யதுசனின் அப்பா நவரத்தினம் வயலில் இருந்து நேரே வந்தார். படத்துக்கு இரண்டு பக்கமும் இருவரும் நிமிர்ந்து நின்றார்கள். ஏன் இந்த நிறம் என்று சொல்ல யதுசன் வாயைத் திறந்தான்.

அதற்குள் அப்பா நான்காவது பெட்டியைக் கண்டுவிட்டார்.

“ஐயோ, நெல்லுக்குள்ள ஆரின்ர கழுதை? ஒரு கதிரும் மிஞ்சாது! கலையுங்கோ பிள்ளையள்!”

பிரேமினியும் யதுசனும் சேர்ந்து கையைத் தட்டி, “சூ! சூ!” என்று கலைத்தார்கள். கழுதை அசைவதாக இல்லை.