கரப்பான்கள் விலகிய வழி

கரப்பான் பூச்சிக்கு மருந்து வைப்பவர் பட்டப்பகலில்தான் வந்தார். தோளில் பை, கையில் டார்ச், வாயில் ஓயாத பேச்சு. அவரை வரவழைத்தவள் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவளுடைய மகளுக்கு மூச்சு இழுப்பு. கரப்பான் இருக்கும் வீட்டில் இழுப்பு அடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியூரில் இருக்கும் கணவன் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை.

அவர் அலமாரிக் கீலில் வெளிச்சம் அடித்தார்.

“இதோ, மிளகுத்தூள் கொட்டின மாதிரி இருக்குல்ல? அதுங்க எச்சம். இது முட்டைக்கூடு. எண்ணெய்ச் சிக்கு வாடை வேற. குடும்பம் பெருசும்மா.”

சொந்தக்காரர்களை அறிமுகம் செய்வதுபோல் அவர் சொல்லச் சொல்ல அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“பகல்லயே வெளிய திரியுதுண்ணா.”

“உள்ள இடம் பத்தலைன்னு அர்த்தம்.”

கடைசியாக மகளின் அறை. திரை போட்டிருந்த அரையிருட்டில் குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் டார்ச்சை அணைத்து, தாயை அறை வாசலிலேயே நிறுத்தினார். “ஆடாம அசையாம நில்லுங்க. காத்து லேசா அசைஞ்சாலே யாரோ வர்றாங்கன்னு ஓடிடும். சும்மா நின்னா எந்த இடுக்குலேருந்து வருதுன்னு பாத்துடலாம்.”

நின்றார்கள். சுவரோரம் சரசரத்தது. ஒன்று வந்தது, பத்து வந்தது, பிறகு தரையே பழுப்பாகிவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓட அவளுக்குக் கால் பரபரத்தது. ஒரு நிமிஷம் என்று அவர் கை காட்டினார்.

அப்போது வாசலுக்கு அருகில் இருந்த கரப்பான்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று சிதறின.

அதற்கு ஓரடி தள்ளி இருந்தவை சிதறின.

இன்னும் ஓரடி தள்ளி.

“அசைஞ்சீங்களாம்மா?” அவர் குரல் காற்றாக வந்தது.

“இல்லை. நீங்க?”

“நானும் இல்லை.”

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கரப்பான்கள் இருபுறமும் ஒதுங்க ஒதுங்க, ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு வழி கட்டில்வரை போனது.

அங்கே நின்றது.

குழந்தையின் நெஞ்சில் விசில் போல இழுப்பு தொடங்கியது.

அவள் பாய்ந்தாள். கரப்பானாவது ஒன்றாவது, மிதித்துக்கொண்டே ஓடி மகளை வாரியெடுத்து முற்றத்துக்கு வந்துவிட்டாள். வெளியே வந்ததும் இழுப்பு அடங்கியது.

“அதுங்க நம்மைப் பாத்து ஓடலம்மா,” என்றார் அவர். “மருந்து வைக்கட்டுமா?”

“வைங்க. ஒண்ணு விடாம சாகணும்.”

வைத்துவிட்டு, பணத்தைக்கூட எண்ணாமல் போனார்.

ஜன்னல் இடுக்கில் காற்று வந்திருக்கும் என்றான் கணவன் போனில். அவள் அந்த அறையைப் பூட்டினாள், மகளின் படுக்கையைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள், வேறு வீடு தேட ஆரம்பித்தாள். தினமும் செத்த கரப்பான்களை முறம் முறமாகக் கூட்டி அள்ளினாள். வரவர அதுவும் குறைந்தது. மகள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். வீடு தேடும் அவசரம்கூட அவளுக்குக் கொஞ்சம் தணிந்துவிட்டது.

ஒரு மாலை மகள் கூடத்தின் நடுவே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பூட்டிய கதவின் அடியிலிருந்து ஒரே ஒரு கரப்பான் வெளியே வந்தது. மருந்து தின்று பாதி செத்தது. தள்ளாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

நேராக, முற்றத்திலிருந்து வந்து நின்ற தாயை நோக்கி.

மனிதரைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடுவதுதானே அதன் புத்தி? அந்த யோசனை வருவதற்குள் கை முந்திக்கொண்டது. செருப்பைக் கழற்றி ஒரே அடி.

அடித்த பிறகுதான் அது எதற்குப் பயந்து ஓடிவந்தது என்று உறைத்தது.

பூட்டிய கதவிலிருந்து மகள்வரைக்கும் தரை பளிச்சென்று துடைத்துக் கிடந்தது. வருவது எங்கே என்று காட்ட, விலகி வழிவிட அதில் ஒரு பூச்சிகூட இல்லை. எங்கே பார்ப்பது, எந்தப் பக்கம் மகளை இழுப்பது என்று தெரியாமல் அவள் செருப்பும் கையுமாக நின்றாள்.

“கண்ணு, இங்க வா. அம்மாகிட்ட வா.”

மகள் தலைநிமிர்ந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

விசில் சத்தம்தான் வந்தது.