மரியகுழந்தையின் கறுப்புப் படம்

மாரிகுப்பம் மன்றத்து ஹாலில் தொங்கிய அந்தப் படத்திலிருந்து பெயின்ட் வாசனையே வரவில்லை. ஊறிப்போன மரமும் வெடிப்புகையும் கலந்து, ஷிப்ட் முடிந்து தங்கச் சுரங்கத்திலிருந்து ஏறிவருகிறவர்களின் சட்டையில் அடிக்குமே, அந்த வாசனை வெதுவெதுப்பாக வந்தது. பர்னபாஸ் மூக்கைச் சுருக்கினான்.

கதவு அகலத்துக்குக் கறுப்பு. அவ்வளவுதான். ஆள் இல்லை, மலை இல்லை, ஒரு காக்காகூட இல்லை. இதைப் பார்க்கத்தான் கோலாரிலிருந்து பங்காருபேட்டை வரை பாதி உலகமே வந்து வாயடைத்து நின்றது. பர்னபாஸின் மனைவி வின்னி குடம் குடமாக அழுதாள். ஊரில் செத்தவர்கள் அத்தனை பேரையும் மீசைமுடி எண்ணும்படி வரைந்து மாட்டியவன் அவன். அவற்றுக்கெல்லாம் அவள் சொன்னது, "நல்லாகீது, சாப்ட வா."

"இன்னாடா கொழந்த, தார் டப்பா கவுந்துகிச்சா?" என்று நேற்று கேட்டுப் பார்த்தான்.

சுரங்கத்தில் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிற மரியகுழந்தை சிரிக்கவில்லை. "அடி லெவல்ல விளக்க அணைச்சா தெரியும்ண்ணே. அத வரைய முடியாது. முடியாதுன்றதத்தான் வரைஞ்சேன். ஆனா அதுங்கிட்ட நின்னு விசில் மட்டும் அடிக்காதீங்க. கீழ நாங்க யாரும் அடிக்க மாட்டோம்."

சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் ஒருநாளும் கால்வைக்காத பர்னபாஸுக்கோ விசில் இல்லாமல் பிரஷ் ஓடாது.

மத்தியான வெயில். ஹாலில் யாருமில்லை. கறுப்பின் நடுவே மிளகளவு மஞ்சள் புள்ளி வைத்தான். சுரங்கத்து ஆளின் தொப்பி விளக்கு. தீர்ந்தது! இனி இதுவும் ஒரு சாதாரணப் படம். வின்னி இதற்கும் "நல்லாகீது" என்பாள். சந்தோஷத்தில் விசில் தானாகக் கிளம்பியது.

உள்ளேயிருந்து யாரோ அதே மெட்டைத் திருப்பி அடித்தார்கள்.

நிறுத்தினான். அது நிற்கவில்லை.

மிளகு எலுமிச்சையானது. வருகிறது. அழிக்க விரலை நீட்டினான். விரலில் படத்தின் துணி தட்டவில்லை. சூடான காற்று. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

திரும்பிப் பார்த்தான். ஹால், எங்கோ மேலே, தீப்பெட்டியளவு வெளிச்சம். அதற்குள் வின்னி வந்து நின்றாள்.

"வின்னீ!"

குரல் ஏறவில்லை. அவள் கைகளைக் கோர்த்துக்கொண்டு, இமைக்காமல், கண் ததும்ப அவனையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அவன் பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. யாரோ உதட்டைக் குவித்தார்கள்.